மசுந்தேயில் ஒரு பகல்: ஆமையும் அடுப்பும்

பயணக் கட்டுரைகளை நாங்கள் சற்று ஐயத்தோடு படிப்பவர்கள். ஓர் ஊரில் மூன்று நாள் தங்கிவிட்டு அவ்வூர் மக்களின் உள்ளத்தையே படித்துவிட்டதாக எழுதுவோர் நம்மிடையே குறைவில்லை. நாங்களோ மூன்று நாள்கூடத் தங்கவில்லை. காலையில் சென்று இரவில் திரும்பினோம். எனவே இதனைப் பயணக் கட்டுரையாகக் கொள்ள வேண்டா. ஒரு பகற்பொழுது எங்களுக்குள் எழுப்பிய கேள்வியொன்றைப் பற்றிய கருத்துரையாகக் கொண்டால் போதும்.

அண்ணன் மகள் மெக்சிகோ நகரில் பணியாற்றுகிறாள். 2025 மே மாதம் கல்லூரி விடுமுறையில் அவளுடைய அழைப்பின்பேரில் நாங்கள் இருவரும் அங்குச் சென்றிருந்தோம். ஒரு வார இறுதியில் அவள் எங்களைத் தெற்கே, வஹாக்கா மாநிலத்தின் பசிபிக் கரைக்கு அழைத்துப் போனாள். அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பேர்பெற்ற புவெர்த்தோ எஸ்கொந்தீதோ நகரில் அறை எடுத்திருந்தோம். அங்கிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் மசுந்தே. நெடுஞ்சாலையில் பேருந்தை விட்டு இறங்கி, பின்புறம் இருபக்கமும் பலகை போட்டு மேலே தார்ப்பாய் கட்டிய ஒரு வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். காய்கறிக் கூடையோடு ஒரு பாட்டி, எரிவாயு உருளையோடு ஓர் இளைஞர், முதுகுப்பையோடு இரண்டு வெள்ளைக்காரர்கள், நாங்கள் மூவர். “நம்ம ஊர் ஷேர் ஆட்டோவேதான் சித்தப்பா” என்றாள் அண்ணன் மகள். உண்மைதான்.

மசுந்தே மிகச் சிறிய ஊர். ஒரு தெரு, அதிலிருந்து கடலுக்கு இறங்கும் சில சந்துகள், வளைந்த கடற்கரை, தென்னைகள், கீற்று வேய்ந்த கொட்டகைகள். மெக்சிகோ அரசின் சுற்றுலாத் துறை தேர்ந்தெடுத்த ஊர்களுக்கு வழங்கும் ‘மாய ஊர்’ என்னும் பட்டம் இவ்வூருக்கு 2015இல் கிடைத்தது. அப்பட்டத்தின் விளைவைத் தெருவிலேயே காணலாம். யோகப் பயிற்சி, தியானம், மூலிகைக் குளியல் என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகைகள் ஸ்பானியப் பலகைகளுக்கு இணையாகத் தொங்குகின்றன.

கடற்கரையில் கால் வைத்ததும் எங்களை முதலில் நிறுத்தியது கடல் அன்று, ஒரு கொடி. மணல்மேட்டில் படர்ந்து, ஆட்டின் குளம்பு போன்ற இலையும் ஊதாப் பூவுமாகக் கிடந்தது அடும்பு. நெய்தல் திணையை எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பில் நடத்தியிருக்கிறோம். அடும்பு என்றால் நம் கரைக்கே உரியது என்பதுபோல ஒரு நினைப்பு எங்களுக்கு. வெப்ப மண்டலக் கடற்கரைகளில் உலகெங்கும் படரும் கொடி அது என்பதை நூலில் படித்திருந்தும், பசிபிக் கரையில் கண்டபோது உறவினரை அயலூர்ச் சந்தையில் கண்டது போலிருந்தது.

அடும்பைக் கண்டதும் அகநானூற்று நெய்தற் பாடலொன்று நினைவுக்கு வந்தது. சூல்கொண்ட ஆமை அடும்பங்கொடி சிதைய மணலை விலக்கி முட்டையிட்டுப் புதைத்துவிட்டுப் போகும். அம்முட்டை குஞ்சாகும்வரை அதன் ஆண் காத்துக்கிடக்கும் என்கிறது அப்பாடல். முதற்பகுதி கண்ணால் கண்டு சொன்னது, மாற்றமே இல்லை. இரண்டாம் பகுதி புலவரின் அன்பு மனம் கண்டது. கடலாமைகளில் ஆண் காவல் காப்பதில்லை. பிறந்த அன்று கடலுக்குள் சென்றபின் அது கரைக்கு வருவதே அரிது. பெண்ணும் மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். 45 முதல் 60 நாள்வரை அந்த நூறு முட்டைகளுக்குக் காவலென்று எவருமில்லை. நாய் தோண்டலாம், அலை அரிக்கலாம், மனிதன் அள்ளிக்கொண்டு போகலாம்.

அந்தக் காவலை யார் காப்பது என்பதுதான் மசுந்தேயின் கதை.

ஊரின் நடுவே கடலை ஒட்டி மெக்சிகோ ஆமை மையம் இருக்கிறது. 1990களின் முற்பகுதியில் தொடங்கப்பட்டது. உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஆறு வகைகள் மெக்சிகோவின் கரைகளில் முட்டையிடுகின்றன. தொட்டிகளில் அவற்றைக் கண்ணாடி வழியே அருகில் காணலாம். அங்கே ‘கொல்ஃபீனா’ என்று எழுதியிருந்த ஆமையைக் கண்டதும் நின்றுவிட்டோம். அறிவியலார் ஆலிவ் ரிட்லி என்பதும், நம் கடற்கரை மக்கள் பங்குனி ஆமை என்பதும் இதையேதான். இரண்டடி நீள ஓடு, நாற்பது கிலோ அளவிலான எடை. சென்னைக் கரையில் சனவரி முதல் மார்ச்சு வரை இரவில் கரையேறும் அதே ஆமை.

மசுந்தேக்கு மேற்கே சிறிது தொலைவில் லா எஸ்கோபீயா என்னும் கடற்கரை இருக்கிறது. பருவத்தில் சில இரவுகளுக்குள் பல்லாயிரம் ஆமைகள் ஒன்றாகக் கரையேறி முட்டையிடும் காட்சி அங்கே நிகழ்கிறது. ஸ்பானிய மொழியில் ‘அரிபாதா’, வருகை, என்று அதற்குப் பெயர். இந்தியாவில் ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் நிகழ்வதும் அதுவே. உலகின் மிகப் பெரிய அரிபாதாக்களுள் ஒன்று எஸ்கோபீயாவினது.

இத்தனை ஆமைகள் ஒரே இடத்தில் கூடுவதே அவற்றுக்குக் கேடாயிற்று. முதலைத் தோல் அரிதாகிவிட்ட 1960களில், காலணிக்கும் கைப்பைக்கும் ஆமையின் கழுத்துத் தோலையும் துடுப்புத் தோலையும் வெளிநாட்டுச் சந்தை நாடத் தொடங்கியது. மசுந்தேயிலிருந்து நடந்தே போகக்கூடிய சான் அகுஸ்தினீயோவில் ஆமை வெட்டும் கூடம் எழுந்தது. பிழைப்பு தேடி உள்நாட்டிலிருந்து குடும்பங்கள் கரைக்கு வந்தன. ஆண்கள் படகில் சென்று ஆமையைப் பிடித்தார்கள். கூடத்தில் தோல் உரிக்கப்பட்டது, இறைச்சி விற்கப்பட்டது, எண்ணெய் எடுக்கப்பட்டது. இது திருட்டுத் தொழில் அன்று. அரசே உரிமம் வழங்கி, இத்தனை ஆமை என்று அளவும் குறித்துக்கொடுத்த தொழில். பசிபிக் கரையின் வேறு சில இடங்களில் அரிபாதா அற்றே போன பின்னரும் இங்கே வெட்டு நடந்துகொண்டிருந்தது. 1988இல் எஸ்கோபீயாவில் சுமார் 50,000 கூடுகளே இருந்தன.

1990 மே மாத இறுதியில் அன்றைய குடியரசுத் தலைவர் கார்லோஸ் சாலினாஸ் தே கொர்த்தாரி கடலாமைகளையும் அவற்றின் முட்டைகளையும் பிடிக்கவும் விற்கவும் முழுத்தடை விதித்தார். தடையின் பயன் கண்கூடு. 2000ஆம் ஆண்டில் எஸ்கோபீயாவின் கூடுகள் 10 லட்சத்தைத் தாண்டின. கடலாமைப் பாதுகாப்பின் வரலாற்றில் இதற்கு இணையான வெற்றிகள் மிகச் சிலவே.

கதையை இங்கே நிறுத்திவிடுவது எளிது. பகற்பொழுது வந்துபோகும் எங்களைப் போன்றோருக்கு அதுவே பிடித்தமான கதையும்கூட: கொலைக்களமாக இருந்த இடம் அருட்களமாயிற்று, மக்கள் மனந்திருந்தினர், சுபம். நாங்களும் அந்த மனநிறைவோடுதான் உணவுக் கொட்டகையில் போய் அமர்ந்தோம்.

வறுத்த மீன், மக்காச்சோள அடை, அவரை மசியல், எலுமிச்சை. குடிக்கப் புளிக்கரைசலில் சர்க்கரை சேர்த்த பானம். அதற்கு அவர்கள் இட்ட பெயரான ‘தமரிந்தோ’ அரபு மொழியில் இந்தியப் பேரீச்சை என்று பொருள்படும் சொல்லின் வழிவந்தது என்று சொன்னபோது கடைக்காரப் பெரியவர் வியந்து சிரித்தார். அறுபதை ஒட்டிய அகவை இருக்கும். நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதையும், எங்கள் கரையிலும் கொல்ஃபீனா உண்டு என்பதையும் அண்ணன் மகள் ஸ்பானியத்தில் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

தாம் இளவயதில் ஆமைப் படகில் சென்றவர் என்றார். அதைச் சொல்கையில் பெருமையோ நாணமோ அவரிடம் இல்லை. நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆலையில் வேலை பார்த்ததைச் சொல்வது போலவே சொன்னார். தடை வந்த பின்னர் முதற்சில ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்று கேட்டோம். விறகு வெட்டினோம், கூலிக்குப் போனோம், சிலர் ஊரை விட்டே போனார்கள் என்றார். ஆமையை இரவில் பிடித்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கவில்லை. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஊரில் ஆமையை யார் காக்கிறார்கள், அவர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள்?

முதற்பாதிக்கு விடை எளிதாக இருந்தது. 1988 முதல் சென்னைக் கரையில் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பிடங்களில் வைத்துப் பொரித்துக் கடலில் விடுவதைச் சொன்னோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னோம். இரண்டாம் பாதிக்கு எங்களிடம் விடை இல்லை.

விடை இல்லாததற்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

2025 சனவரியில் சென்னையிலும் அதனையடுத்த கரைகளிலும் பங்குனி ஆமைகள் ஆயிரத்துக்கும் மேலாகச் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர்; இழுவை மடியில் சிக்கி நீருக்குள் நெடுநேரம் இழுபட்டால் மூழ்கி இறந்துபோகும். கண் பிதுங்கிய உடல்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த வாரத்தில் நெய்தல் திணை நடத்திக்கொண்டிருந்தோம். அகநானூற்று ஆமையைச் சொல்லிவிட்டு, சங்கப் புலவர் காவல் காக்க வைத்த உயிரை இன்றைய மீனவர்கள் கொன்று குவிக்கிறார்கள் என்று உணர்ச்சி பொங்கப் பேசினோம். வகுப்பு அசையாமல் கேட்டது. மூன்றாம் வரிசையில் கடலோரக் குப்பத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் குனிந்தபடி இருந்தார். பேச்சின் வெற்றியாகவே அந்த அமைதியை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

விசைப்படகின் இழுவை மடிக்கும் அந்த மாணவரின் தந்தை கொண்டுசெல்லும் ஃபைபர் படகின் வலைக்கும் உள்ள வேறுபாடு எங்களுக்குத் தெரியாததன்று. கரையோரக் கடலில் விசைப்படகுகள் வரக்கூடாதென்ற விதி மீறப்படுவதால் ஆமைக்கு முன்பே அடிபடுவது சிறு மீனவர்தாம் என்பதும் தெரிந்ததே. ஆயினும் ‘மீனவர்கள்’ என்று ஒரே சொல்லில் எல்லாரையும் கட்டிப்போட்டோம். இலக்கணம் கற்பிப்பவர்கள் செய்யத் தகாத பிழை. மசுந்தேயில் அப்பெரியவரின் எதிரே அமர்ந்திருந்தபோதுதான் அது நெஞ்சில் குத்தியது. அவரையும் யாரோ ஓர் ஆசிரியர் எங்கோ ஒரு வகுப்பில் கொலைகாரர் என்று சொல்லியிருப்பார். அந்தத் தோலில் காலணி அணிந்தவர்களைப் பற்றியும், உரிமம் எழுதிக்கொடுத்த கைகளைப் பற்றியும் அவர் பேசியிருப்பாரா என்பது ஐயமே.

எங்கள் கருத்து இதுதான். தடை வேண்டும், தடையில்லாமல் எஸ்கோபீயாவில் ஆமை மிஞ்சியிருக்காது. இதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் தடை என்பது காவலின் பாதி மட்டுமே. மறுபாதி, நேற்றுவரை அத்தொழிலில் இருந்தவரின் அடுப்பு எரிவது. முதற்பாதியை அரசு ஒரே நாளில் செய்துவிடும். ஒரு கையெழுத்துப் போதும். மறுபாதிக்குப் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் விழுபவர்களை நாம் வேட்டைக்காரர் என்றும் திருடர் என்றும் அழைக்கிறோம்.

மசுந்தேயில் அந்த மறுபாதி எப்படியோ நடந்தது. மெக்சிகோவின் எகோசோலார் என்னும் அமைப்பு ஊராரோடு சேர்ந்து வேறு பிழைப்புகளைத் தேடியது. ஊரார் தம் நிலத்தை உழவர் சூழல் காப்பகம் என்று தாமே அறிவித்துக்கொண்டார்கள். சுற்றுலாவுக்கு வீடுகளில் அறைகள் ஒதுக்கினார்கள். பக்கத்து வெந்தானீயாவில் சதுப்பு நிலக்காட்டில் முதலைகளைக் காட்டத் துடுப்புப் படகு ஓட்டும் கூட்டுறவுகள் எழுந்தன. மசுந்தேயிலேயே பிரிட்டனின் பாடி ஷாப் நிறுவனமும் அதன் நிறுவனர் அனிதா ராடிக்கும் உதவ, தேங்காய், எள், வெண்ணெய்ப்பழம் முதலானவற்றின் எண்ணெய்களைக் கொண்டு சோப்பும் தைலமும் செய்யும் கூட்டுறவு ஒன்று 1990களில் தொடங்கியது. மதிய வெயில் தணிந்ததும் அந்தக் கடைக்குச் சென்றோம். உறுப்பினரான ஓர் அம்மையார் கிண்டிக்கொண்டிருந்த அகப்பையை வைத்துவிட்டு வந்து எங்களுக்குச் சோப்பைப் பொதிந்து தந்தார். பாடி ஷாப் 2006இல் லொரேயாலுக்கும் 2017இல் நத்துராவுக்கும் பின்னர் வேறொருவருக்கும் கைமாறி, 2024 பிப்ரவரியில் பிரிட்டனில் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. கைகொடுத்த நிறுவனம் தள்ளாடியபோதும் கைதூக்கிவிடப்பட்டவர்களின் அகப்பை சுழன்றுகொண்டிருந்தது.

இதனாலெல்லாம் மசுந்தே பொன்னுலகம் ஆகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 1997 அக்டோபரில் பவுலினா புயல் இக்கரையைச் சிதைத்தது. 2022 மே 30 அன்று அகதா புயல் அருகிலேயே கரை கடந்தது. நாங்கள் ஊர் திரும்பிய சில வாரங்களில், 2025 ஜூன் 19 அன்று எரிக் புயல் இம்மாநிலத்தின் மேற்குக் கரையைத் தாக்கியது. சுற்றுலாவை நம்பிய அடுப்பு ஒரு புயலில் அணையக்கூடியது. மேலும், சுற்றுலாவின் பணம் எல்லார் வீட்டுக்கும் ஒரே அளவில் வருவதில்லை. எஸ்கோபீயாவில் முட்டைத் திருட்டைத் தடுக்க ஆயுதந்தாங்கிய காவல் இன்றும் தேவைப்படுகிறது. அங்கே திருடுபவர் எல்லாரும் பசியால் திருடுகிறார்கள் என்று நாங்கள் வாதாடவும் இல்லை. ஆமை முட்டைக்குக் கள்ளச் சந்தையும் அதற்கு வணிகர்களும் உண்டு. ஆயினும் சோப்புக் கிண்டும் வீட்டிலிருந்து முட்டை அள்ளப் போகும் கால்கள் குறைவு. துப்பாக்கியைக் காட்டிலும் அகப்பை நெடுநாள் காக்கும்.

இப்போது மசுந்தேக்கு அச்சம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அதற்குப் பெயர் நாங்கள்தாம். கரையில் எரியும் விளக்கு, கடல்நோக்கி ஊர வேண்டிய குஞ்சைத் தெருநோக்கி ஊரவைக்கும். ஆமை கரையேறும் வழியில் நாற்காலி போடுகிறவர்கள் நாங்கள். இச்சிற்றூரின் நன்னீரைக் குளித்துத் தீர்ப்பவர்களும் நாங்கள். 1960களில் தோலை விலைகொடுத்து வாங்கியவன் தொலைவில் இருந்தான். இன்று காட்சியை விலைகொடுத்து வாங்குபவன் நேரிலேயே வந்துவிடுகிறான். இருவருமே தம்மைக் குற்றவாளியாக எண்ணுவதில்லை.

மாலையில் எல்லாரும் போவது போல நாங்களும் புந்தா கொமேத்தாவுக்கு நடந்தோம். வஹாக்கா மாநிலத்தின் தென்கோடி என்று சொல்லப்படும் பாறை முனை அது. புதர்க்காட்டின் ஊடே ஒற்றையடிப் பாதை. முடிவில் மூன்று பக்கமும் கடல். கதிரவன் இறங்கியபோது கூடியிருந்தோர் கைதட்டினர். நாங்கள் கைதட்டவில்லை. நீரில் தொலைவே கருப்பாக ஒன்று எழுந்து மூழ்கியது. ஆமையின் தலை என்றாள் அண்ணன் மகள், கட்டையாகவும் இருக்கலாம். மூச்சுவிட மேலே வந்து போகும் ஓர் உயிர் என்று எண்ணிக்கொள்ள எங்களுக்கு விருப்பமாக இருந்தது. இருட்டுவதற்குள் தார்ப்பாய் வண்டியைப் பிடித்தோம்.

கல்லூரி திறந்த பிறகு, அதே மாணவரை ஒருநாள் ஆசிரியர் அறைக்கு அழைத்தோம். சனவரியில் பேசியது தவறு என்றோம். அவர் எதிர்பார்க்கவில்லை, சற்றுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, தம் தந்தையின் வலையில் ஆமை சிக்கினால் என்ன செய்வார் என்பதைச் சொன்னார். வலையை அறுத்து ஆமையை விட்டுவிடுவாராம். கடலில் அதைக் கொல்வது பாவம் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. அறுத்த வலையைச் சீர்செய்ய இரண்டு நாள் ஆகும். அவ்விரண்டு நாளும் கடலுக்குப் போக முடியாது. “அது யாருக்கும் தெரியாதுங்க ஐயா” என்றார்.

நம் கரையில் காவல் காக்கும் கணவன் அங்கே இருந்திருக்கிறான். புலவர் பொய் சொல்லவில்லை. காவலனை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார். அவன் அறுத்த வலைக்கு இதுவரை யார் விலை கொடுத்தார்கள்? விசைப்படகைக் கரையோரம் வராமல் தடுப்பதோடு, ஆமைக்காக வலையறுப்பவருக்கு அந்த இரண்டு நாள் கூலியை அரசோ நாமோ கொடுப்பதென்று ஓர் ஏற்பாடு வேண்டும். முட்டைக் காப்பிடங்களில் குப்பத்து இளைஞர்களுக்கு ஊதியத்தோடு வேலை வேண்டும். இவை பெரிய செலவுகள் அல்ல. மசுந்தேப் பெரியவரின் கேள்விக்கு, அடுத்த முறை யாரேனும் கேட்டால், நாம் சொல்லக்கூடிய விடை அதுவாக இருக்கட்டும்.